மஞ்சளில் எங்கள் வீடு

கதவோரத்து நாற்காலியே எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டேன். முன்வரிசைக்கு வாங்கப்பா என்று மேகலா இரண்டு முறை கூப்பிட்டாள், மூன்றாவது முறை கூப்பிடவில்லை, விட்டது தொல்லை என்பதுபோல் திரும்பிக்கொண்டாள், அதையும் பார்த்துக்கொண்டேன். கதவோரம் என்றால் அறை முழுக்கக் கண்ணுக்குள் இருக்கும். சென்னையில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராகப் பின்வாசல் பக்கமே நின்றவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் முதுகு கூசுகிறது, பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்றே யோசனை ஓடும். இருபத்து மூன்று தலை, என்னையும் சேர்த்து. ஒரு நாயும் இருக்கிறது, யாரோ ஒரு மாணவியின் மேஜைக்கடியில் மூக்கை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது, அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சை நடக்கிற இடத்தில் நாய். இதுதான் மேகலாவுக்குக் கடைசிப் பரீட்சை என்கிறார்கள், ஆனால் கேள்வித்தாளும் இல்லை, எழுதுவதும் இல்லை, சுவர் முழுக்கப் படங்களை ஒட்டி அதன் முன்னால் நின்று அவள் பேச வேண்டுமாம், எதிரில் நான்கு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம், அத்துடன் கட்டடக்கலையில் மேல்படிப்பு முடிந்துவிடுமாம். இந்த டோர்ட்மண்ட் ஊரில் இரண்டு வருஷமாக அவளுக்குப் படிப்பு இலவசம். கட்டணமே கிடையாதுப்பா என்று போனில் அவள் குதித்த அன்றைக்கே எனக்கு இந்தக் கேள்வி வந்துவிட்டது. ஜெர்மனிக்காரன் பெரம்பூர்ப் பெண்ணுக்கு எதற்காகச் சும்மா சொல்லிக்கொடுக்க வேண்டும்? "உலகம் பூரா நகரங்கள் எப்படி மாறுதுன்னு படிக்கறோம்பா. எங்க கிளாஸ்ல பதினோரு நாட்டுக்காரங்க இருக்கோம்" என்றாள். பதினோரு நாட்டுப் பிள்ளைகளும் அவரவர் ஊரை அளந்து கொண்டுவந்து இங்கே ஒட்டுகிறார்கள். சுற்றிலும் பார்த்தால் தெரிகிறது, ஒரு பக்கம் மசூதி, ஒரு பக்கம் ஏதோ ஆற்றங்கரைக் குடிசைகள், ஒரு பக்கம் மலையில் அடுக்கிவைத்த வீடுகள். ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராக அளவு வாங்கி வைத்துக்கொள்கிறவனுக்கு அதில் ஏதோ ஒரு காரியம் இல்லாமலா இருக்கும்.

இப்போது மேகலா ஒட்டியிருப்பது எங்கள் வீடு. எங்கள் வீடு என்றால் எங்கள் பிளாக் முழுவதும், வீட்டுவசதி வாரியம் கட்டி விற்ற குடியிருப்பு, கீழ்த்தளமும் மேலே மூன்று மாடியும், தளத்துக்கு நாலு வீடாகப் பதினாறு வீடு, எங்களுடையது மூன்றாவது மாடியில் மேற்குப் பார்த்தது. அட்டையில் வெட்டிப் பொம்மை வீடு மாதிரி ஒன்றும் செய்து மேஜைமேல் வைத்திருக்கிறாள். மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டியைக்கூட விடவில்லை. சுவரில் போட்டோக்கள். எங்கள் ஹால், பீரோ, பீரோமேல் அடுக்கிய சூட்கேஸ், கொடியில் அவள் அம்மாவின் நைட்டி. ரேணுகா இதைப் பார்த்தால் தூக்கு மாட்டிக்கொள்வாள். நைட்டியை எடுத்துவிட்டு எடுக்கக் கூடாதா, முன்பின் தெரியாத நான்கு பேர் அதைக் காபி குடித்துக்கொண்டே பார்க்கிறார்கள். ஒரு போட்டோவில் என் முதுகு, பனியனோடு, ஜன்னல் பக்கம் நின்று எதையோ பார்க்கிறேன். எப்போது எடுத்தாள், எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் எடுத்தது இது ஒன்றுதானா. ஆனால் நடுவில் பெரிதாக ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் இளகியது, அதை மறைக்க வேண்டியதில்லை. கறுப்புக் கோட்டில் பதினாறு வீட்டுச் சுவரும் வரைந்து, அந்தச் சுவர்களுக்கு எல்லாம் மஞ்சள் பூசியிருந்தாள். நல்ல மஞ்சள், அப்போது அரைத்த மஞ்சள் மாதிரி. புதுச் சட்டைக்குக் காலர் ஓரம் வைப்போமே, கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் தடவுவோமே, அந்த நிறம். பக்கத்திலேயே சில இடங்களில் சிவப்பு. மஞ்சளும் குங்குமமும். கடல் தாண்டி வந்து, சாமி படம்கூட இல்லாத அறையில் இரண்டு வருஷம் இருந்த பெண், பரீட்சை என்றதும் வீட்டுக்கு மஞ்சள் குங்குமம் இட்டுத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் பால்கனியை நான் கம்பி போட்டு, ஷீட் போட்டு அறையாக அடைத்தேனே, அவள் பன்னிரண்டாவதுக்குப் படித்த அறை, அதற்குக்கூட விடாமல் பூசியிருந்தாள். வாரியத்துப் படத்தில் அந்த அறை கிடையாது, பெற்ற பெண்தான் அதையும் ஒரு அறையென்று மதித்து மஞ்சள் வைப்பாள். பக்கத்தில் இருந்த தர்சினியிடம் சொல்லவும் சொன்னேன், எதற்குச் சொன்னேனோ, பொதுவாக நான் வாயைத் திறக்கிறவன் இல்லை. "நல்ல காரியம் மாதிரி மஞ்சள் வெச்சிருக்கா பாத்தீங்களாம்மா."

தர்சினி யாழ்ப்பாணத்துப் பெண், சின்ன வயசிலேயே பெற்றோரோடு இந்த நாட்டுக்கு வந்துவிட்டவள், போன வருஷம் இதே படிப்பை முடித்து இங்கேயே ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று மேகலாதான் அவளை என் பக்கத்தில் உட்காரவைத்தாள். துணைக்கா, காவலுக்கா என்று அப்போதே ஒரு எண்ணம் வந்தது. தர்சினி சிரித்தாள். "நல்ல காரியமோ? இல்லை அங்கிள், இஞ்ச படம் கீறுறதுக்கு ஒரு முறை இருக்கு. கறுப்பெண்டா ஏற்கெனவே இருக்கிறது. சிவப்பெண்டா புதுசாக் கட்டுறது." கொஞ்சம் நிறுத்தினாள். "மஞ்சள்?" என்றேன். "மஞ்சளெண்டா இடிக்கிறது, அங்கிள். ஆர் கீறினாலும் அப்பிடித்தான், சட்டம் மாதிரி." அப்புறம் என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, "அது சும்மா படம்தானே அங்கிள், பரீட்சைக்குத்தானே, பயப்பிடாதேங்கோ" என்று என் முழங்கையைத் தொட்டாள். நான் பயப்படுகிறேன் என்று இவளுக்கு யார் சொன்னது? இடிக்கிற பேச்சு எங்கள் வீட்டில் இருக்கிறது என்று தெரியாதவளாக இருந்தால், பயப்பிடாதேங்கோ என்று ஏன் வருகிறது வாயில்? மறுபடி படத்தைப் பார்த்தேன். பதினாறு வீடும் மஞ்சள். ஒரு சுவர் மிச்சமில்லை. படிக்கட்டும் மஞ்சள். அந்தப் பால்கனி அறையும். நான் மட்டும்தான் இந்த அறையில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

படம்தானே என்றால் படம்தான். ஆனால் எங்கள் பிளாக்கை இடிக்கக் கேட்டுப் பில்டர் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறதே. பழைய வீட்டைக் கொடுத்தால் அதே இடத்தில் பத்து மாடி கட்டி ஆளுக்கொரு புது வீடு, மிச்சத்தை அவர்கள் விற்றுக்கொள்வார்கள். பதினைந்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டாயிற்று. நான்தான் போடவில்லை. நான் போட விடவில்லை என்று சொன்னால்தான் சரி. சங்கச் செயலாளர் மோகன்தாஸ் முதல் மாடியில் இருக்கிறார், படியில் பார்த்தால் போதும், "என்ன தணிகாசலம் சார், ஊரே பஸ் ஏறிடுச்சு, கண்டக்டர் மட்டும் கீழ நிக்கறீங்க" என்பார், கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் ரூட்டில் எத்தனை பார்த்திருக்கிறேன், இடித்துப் போட்டுவிட்டுக் கம்பியை மட்டும் வானத்துக்கு நீட்டி வைத்துவிட்டுப் போனவர்களை, அந்தக் கம்பி துருப்பிடித்து அதில் காக்கை கூடு கட்டி, வாடகை வீட்டிலேயே செத்துப்போனவர்களை. எனக்கு அறுபத்தொன்பது. நாலு வருஷத்தில் கட்டித் தருவோம் என்கிறவனை நம்பி வெளியே இறங்கினால் திரும்பி ஏறுகிற நிச்சயம் எங்கே இருக்கிறது. இது மேகலாவுக்குத் தெரியும். தெரிந்துதான் போன டிசம்பரில் வந்து, புராஜெக்டுக்கு அளக்கணும்பா என்று டேப்பை நீட்டினாள். மறு நுனியைப் பிடித்தவன் நான். சுவரோடு ஒட்டிப் பிடிங்கப்பா, தூக்காதீங்க, என்று அவள் சொல்லச் சொல்ல அறை அறையாக நானே பிடித்துக்கொடுத்தேன். பால்கனி அறையையும். அவள் கிளம்பிப்போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, மோகன்தாஸ் கேட் பக்கத்தில் நிறுத்தி, "உங்க பால்கனி ரூமையும் கணக்குல சேத்துப்பாங்க சார், அதுவே நாப்பத்தி நாலு சதுரடி வருதே" என்றார். நாற்பத்து நாலு. அந்தக் கணக்கு மேகலாவின் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, எனக்கே அவள் ஒரு முறைதான் சொன்னாள். அந்த ஆள் என் வீட்டுக்குள் வந்ததே இல்லை. எங்கோ வெளியிலிருந்து கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குத்துமதிப்பாகச் சொல்கிறவன் நாற்பது என்பான், ஐம்பது என்பான். நாற்பத்து நாலு என்று எவனும் சொல்ல மாட்டான்.

மேகலா பேசிக்கொண்டே இருக்கிறாள். இங்கிலீஷ் என்பதால் பாதி புரிகிறது, பாதி ஓடிவிடுகிறது. ஹவுசிங் போர்டு என்கிறாள், ஓனர்ஸ் என்கிறாள், கன்சென்ட் என்கிறாள், அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும், சம்மதம் என்று ஒன்றரை வருஷமாகக் கேட்கிற வார்த்தை. வீட்டில் இருந்தபோது நாலு பேர் முன் பேசக் கூச்சப்படுவாள், என்னைக் கொண்டு பிறந்தவள், கடைக்குப் போனால் மிச்சக் காசு கேட்க மாட்டாள். இங்கே கையை ஆட்டிப் பேசுகிறாள். ஆனால் பேசும்போது முன்னால் இருக்கிற நான்கு பேரையும் பார்க்கிறாள், தோழிகளைப் பார்க்கிறாள், நாயைக்கூட ஒரு தடவை பார்த்தாள், கதவுப் பக்கம் மட்டும் கண் வரவில்லை. டிக்கெட் எடுக்காதவன் அப்படித்தான், பஸ் முழுக்கப் பார்ப்பான், கண்டக்டரை மட்டும் பார்க்க மாட்டான். சே, பெற்ற பெண்ணை என்ன நினைப்பு இது. ஆனால் நினைப்பு அங்கேயே போய் நிற்கிறது. என்னை ஏன் கூப்பிட்டாள்? பட்டம் கொடுக்கிற விழா அக்டோபரில்தானாம், அதற்கல்லவா பெற்றவர்களைக் கூப்பிடுவார்கள். பரீட்சைக்கு வந்திருக்கிற ஒரே அப்பா நான்தான், எண்ணிப் பார்த்துவிட்டேன், நரைத்த தலை என்றால் அந்த நான்கு பேரில் இரண்டு, அப்புறம் நான். இருபது நாள் தங்கணும்பா என்று அடம் பிடித்தாள். டிக்கெட்டும் அவளே போட்டாள். ஒரு டிக்கெட். அம்மாவால் அவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது என்றாள், ரேணுகாவும், ஆமாம் நீங்க போய்ட்டு வாங்க, நான் எங்க வர்றது இந்த முட்டியோட என்றாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள், பேசிவைத்துக்கொண்டதுபோல. அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறவளா ரேணுகா. திருப்பதிக்கு என்னைத் தனியாக அனுப்பாதவள், ஜெர்மனிக்குத் தனியாக அனுப்புகிறாள். வீடு அவள் பேரில் இருக்கிறது. பெண்கள் பேரில் வாங்கினால் நல்லது என்று அந்தக் காலத்தில் வாரிய ஆபீசில் சொன்னார்கள், அப்படியே போட்டேன். கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான், நான் குறுக்கே உட்கார்ந்திருந்ததால் போடவில்லை, அவ்வளவுதான். இப்போது குறுக்கே யாரும் இல்லை.

காலையில் ரேணுகாவுக்குப் போன் போட்டேன். அங்கே அப்போது பதினொன்றரை இருக்கும். நேற்றே சொன்னாள், மோகன்தாஸ் வீட்டம்மாவோட கோயிலுக்குப் போறேன் என்று. மாதத்துக்கு இரண்டு தடவை இறங்கினால் அதிகம், அதுவும் ஆஸ்பத்திரிக்கு, ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவாள், அவளுக்கு இந்த வெயிலில் கோயில். "எங்க இருக்கே" என்றேன். "இங்கதான், கோயில்ல, கூட்டமா இருக்கு, அப்புறம் பேசறேன், மேகலாவுக்கு இன்னிக்குப் பரீட்சை, நீங்க எதையாவது பேசி அவ மனச கலைச்சிடாதீங்க" என்றாள். பின்னால் ஒரு ஆண் குரல் எண்ணைக் கூப்பிட்டது. முப்பத்தேழு, முப்பத்தேழு யாரு, என்று. கோயிலில் எண் கூப்பிடுவார்களா? அன்னதானத்துக்கு டோக்கன் கொடுப்பார்கள், கூப்பிடலாம். பதினொன்றரைக்கு அன்னதானம் ஆரம்பித்துவிடும், கூப்பிடலாம்தான். ஆஸ்பத்திரியிலும் கூப்பிடுவார்கள். முட்டிக்குக் காட்டப் போயிருப்பாள், நான் பயப்படுவேன் என்று கோயில் என்று சொல்லியிருப்பாள், அதுவும் நடக்கிறதுதான். பத்திர ஆபீசிலும் கூப்பிடுவார்கள். அங்கே டோக்கன் இல்லாமல் ஈகூட உள்ளே போக முடியாது. அன்னதானம், ஆஸ்பத்திரி, பத்திர ஆபீஸ். மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், வைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன். எதையாவது பேசி மனசைக் கலைக்காதீங்க என்றாளே, நான் எதைப் பேசிவிடுவேன் என்று பயந்தாள்?

மேகலா அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டாள். இதில் மஞ்சளே இல்லை, எல்லாம் சிவப்பு, உயரமான கட்டடம். பத்து மாடி இல்லை, ஆறுதான், பில்டர் சொல்வதுபோல் இல்லை, தாழ்வாரம் எல்லாம் வைத்து ஆள் உட்காருகிற மாதிரி இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இல்லையென்றால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும். படத்துக்குள் ஆட்களையும் வரைந்திருக்கிறாள், சைக்கிளோடு ஒருவன், பந்தோடு இரண்டு குழந்தை, லிஃப்ட் வாசலில் ஒரு அம்மாள், சற்றுப் பருமன், இடது காலை ஊன்றாமல் வலது பக்கம் சாய்ந்து நிற்கிறாள். கையில் காய்கறிப் பை. யாரென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறது, தானே கடைக்குப் போய்த் தானே பொறுக்கி வாங்கியிருக்கிறாள். இப்போது நான் வாங்கிப்போகிற காயை ஒரு நாளும் அவள் நல்லது என்று சொன்னதில்லை. ஜன்னலில் நின்று கீழே போகிற காய்வண்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், வண்டிக்காரனோடு மூன்று மாடி உயரத்திலிருந்து பேரம் பேசுவாள், பிறகு கயிற்றில் பையைக் கட்டி இறக்குவாள். டிசம்பரில் மேகலா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், "அப்பா, அம்மா இங்க குடியிருக்காங்களா, இல்ல மாட்டிக்கிட்டிருக்காங்களா" என்று கேட்டாள். அப்போதே இரண்டு பேரும் முடிவு செய்திருப்பார்களோ. செய்யட்டுமே, என்னிடம் சொல்லிவிட்டுச் செய்தால் என்ன. சொன்னால் நான் விடமாட்டேன். விடமாட்டேன்தான். அதனால் விமானம் ஏற்றி, ஜன்னலோர சீட் போட்டு, ஜெர்மனியைக் காட்டுகிறேன் என்று அழைத்துவந்து, பக்கத்தில் ஆள் போட்டு உட்காரவைத்துவிட்டு, அங்கே... இல்லை, இல்லை, என் புத்தி இப்படி. லிஃப்ட் வாசலில் அம்மாவை வரைகிற பெண் அப்படிச் செய்வாளா. அப்படி வரைகிற பெண்தான் அப்படிச் செய்வாள்.

நான்கு பேரில் வெள்ளைமுடி அம்மாள் ஒருத்தி கையைத் தூக்கினாள். மேகலா பேச்சை நிறுத்தினாள். அந்த அம்மாள் ஏதோ கேட்டு, நாற்காலியோடு திரும்பி என்னைக் காட்டினாள். இருபத்திரண்டு முகமும் கதவுப் பக்கம் வந்தது. எனக்குக் காதெல்லாம் சூடானது, சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "அப்பா," என்றாள் மேகலா, இப்போதுதான் இந்தப் பக்கம் பார்க்கிறாள், "அந்த வீட்ல குடியிருக்கறவர் நீங்கதானே, இதைப் பத்தி என்ன நினைக்கறீங்கன்னு கேக்கறாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்கப்பா, நான் அவங்களுக்குச் சொல்லிடறேன்." தர்சினி, சொல்லுங்கோ அங்கிள் என்று மெல்லச் சொன்னாள். எழுந்து நின்றேன். இவ்வளவு பேர் என் வாயைப் பார்த்து நின்றதில்லை, பஸ்ஸில்கூட விசிலைத்தான் கேட்பார்கள். நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தேன். "அம்மா கையெழுத்துப் போட்டாச்சா?" என்றேன்.

எந்தக் கையெழுத்துப்பா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கட்டும், கேட்டுவிட்டால் போதும், என்ன உளர்றீங்க என்று எரிந்து விழட்டும், இத்தனை பேர் முன்னால் மானம் போனாலும் பரவாயில்லை, அது போதும் எனக்கு. அவள் கேட்கவில்லை. கையில் இருந்த தாளை மடித்தாள், பிரித்தாள். பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னாள், நான் கேட்டதைவிட நீளமாக, நிதானமாக. ஃபாதர் என்றது காதில் விழுந்தது, மதர் என்றது, லிஃப்ட், ஹேப்பி. எல்லோரும் முகம் மலர்ந்தார்கள். இங்கே கை தட்டுவதில்லை போலிருக்கிறது, விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள், யாரோ வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி ஒரே சத்தம், நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. தர்சினி தட்டவில்லை. மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கழுத்து வரை சிவந்திருந்தது. மேகலாவைத் தவிர இந்த அறையில் இரண்டு பேச்சும் புரிந்தவள் அவள் ஒருத்திதான். வெள்ளைமுடி அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கண் கலங்கினாற்போல என்னைப் பார்த்து, "யெஸ்?" என்றாள். மேகலா இப்போது முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் முதுகு அசையவில்லை. மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. அந்த அம்மாளுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும், இரண்டு வருஷப் படிப்பு என் வாயில் நிற்கிறது.

"யெஸ்" என்றேன். சத்தம் வரவில்லை என்று தோன்றியது, இன்னொரு முறை, அவள் முதுகுக்கும் கேட்கிற மாதிரி, யெஸ் என்றேன். மேகலா திரும்பாமலே அடுத்த படத்துக்குப் போனாள்.